வண்டி வாங்குமுன் பட்டறையைப் பாருங்கள்

தேனி மாவட்டம் தேவாரத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே கடைவீதி விழித்துக் கொள்கிறது. ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்கள் தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாக ஜீப்புகளுக்குக் காத்து நிற்கிறார்கள். மேற்கே சுவர் போல நிமிர்ந்து நிற்கும் மலைக்கு அப்பால்தான் அவர்கள் வேலை செய்யும் தோட்டங்கள் உள்ளன. ஆனால் தேவாரத்திலிருந்து நேரே மேலே ஏற மோட்டார் சாலை கிடையாது. சாக்கலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்பது இவ்வட்டாரத்து மக்களின் நெடுநாளைய கோரிக்கை. வடக்கே போடிக்குச் சென்று போடிமெட்டு வழியாகவோ, தெற்கே கம்பம் சென்று கம்பம்மெட்டு வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது.

இத்தகைய ஊரில் மழைக்கும் ஏலக்காய் விலைக்கும் அடுத்தபடியாக டீக்கடையில் அடிபடுவது வண்டிப் பேச்சு. "மலைக்கு மகிந்திராதான், மத்ததெல்லாம் ரெண்டு மழைக்குத் தாங்காது" என்பார் தலை நரைத்த ஒருவர். "அது உங்க காலம் பெரியப்பா. குட்டி யானை எடுத்தவன் டியூவையும் கட்டி முடிச்சிட்டான்" என்பார் இளைஞர் ஒருவர். "நாலு சக்கரம் எதுக்கு மாப்ளே? எக்ஸ்எல்லுல ஏறாத மூட்டையா?" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். அவரவர் ஓட்டிய வண்டியை வைத்து அவரவர் பேசுகிறார்கள். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கடன் வாங்கி லட்சக் கணக்கில் பணம் போடப் போகும் சிறு விவசாயிக்கு அந்த உண்மை எதுவரை செல்லும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கழுதை முதல் ஜீப் வரை

மலைச் சரக்கைச் சமவெளிக்கு இறக்குவது போடி வட்டாரத்தில் நூறாண்டுக் காலப் பிரச்சினை. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்து சேர்ந்தது. ஏலக்காயும் காப்பியும் தலைச்சுமையாகவும் கழுதை, குதிரைகளின் முதுகிலும் வந்தன.

பிறகு வந்தது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பை 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் நீளம் குறைவு. கொண்டை ஊசி வளைவில் பின்னுக்கு எடுக்காமல் திரும்பும். நான்கு சக்கரமும் இழுக்கும். மிக மெதுவாக ஏறுவதற்கென்று தனியாகத் தாழ்ந்த கியர் உண்டு. கீழே பட்டை உடைந்தால் உள்ளூர்க் கொல்லுப் பட்டறையில் கூடச் சமாளிக்கலாம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அது தார்ச் சாலை என்பதால் எந்த வண்டியும் ஏறிவிடும். அங்கிருந்து பிரிந்து தோட்டங்களுக்குள் செல்லும் கல் பாதைதான் சோதனை. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கே கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். எனவே "மலைக்கு மகிந்திரா" என்ற சொல் வழுக்குப் பாறையில் ஏறிப் பார்த்தவர்கள் சொன்ன சொல். அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நற்பெயரைச் சம்பாதித்தது நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப். இன்று அதே பெயரைச் சொல்லி விவசாயி வாங்குவது பிக்கப் வண்டி. பிக்கப்புகளில் பெரும்பாலானவை பின் சக்கரம் மட்டும் இழுப்பவை. லோடு ஏற்றியிருக்கும்போது பின் சக்கரம் தரையைப் பிடிக்கும். காலி வண்டியாக மழைநாளில் மண் பாதையில் ஏறினால் பின்புறம் கனமில்லாமல் சக்கரம் சுழன்று கொண்டே நிற்கும். இதில் மகிந்திரா, டாடா, அசோக் லேலண்டு என்ற வேறுபாடு இல்லை. அப்பா ஓட்டிய ஜீப் ஏறிய இடத்தில் மகன் வாங்கிய பிக்கப் ஏறவில்லை என்றால் அதற்குக் காரணம் ஓட்டுகிறவரின் கைப்பழக்கம் அன்று.

வேட்டி கட்டியவரின் வண்டி

தேவாரம், பண்ணைப்புரம், கோம்பைப் பகுதியில் சிறு விவசாயியின் உண்மையான சரக்கு வண்டி மொபெட்தான். 1911-ல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்திலிருந்து 1980-ல் ஒசூர் ஆலையில் தயாராகி வெளிவந்தது டி.வி.எஸ். 50. இருவர் அமர்ந்து செல்லும்படி நம் நாட்டில் வந்த முதல் மொபெட் அது. அதன் வழிவந்த இன்றைய எக்ஸ்எல் வரை அமைப்பு ஒன்றுதான். இருக்கைக்கு முன்னே இடம் திறந்து கிடப்பதால் ஒரு மூட்டை யூரியாவோ பால் கேனோ வைக்கலாம். பின்னே புல்லுக்கட்டைக் கட்டலாம். கியர் மாற்ற வேண்டியதில்லை. வேட்டி கட்டியவரும் சேலை கட்டியவரும் ஓட்டலாம். வரப்பில் சாய்ந்தால் ஒருவரே தூக்கி நிறுத்தலாம். மதுரைக்காரர்களின் வண்டி என்ற உறவுப் பற்றும் இதனுடன் சேர்ந்து கொண்டது. எந்த நிறுவனத்து மொபெட்டையும் "டி.வி.எஸ். 50" என்றே சொல்லும் பழக்கம் கிராமங்களில் இன்னும் மறையவில்லை.

இந்த வண்டிக்கும் எல்லை உண்டு. இதன் கிளட்ச், என்ஜின் வேகத்தைக் கொண்டு தானே பிடிக்கும் அமைப்பு. இரண்டு மூட்டையோடு நீண்ட ஏற்றத்தில் ஊர்ந்து சென்றால் கிளட்ச் முழுவதும் பிடிக்காமல் வழுக்கிச் சூடேறும். கியர் மாற்றும் வசதி இல்லாததால் இறக்கத்தில் என்ஜினைக் கொண்டு வேகத்தை அடக்கவும் வழி குறைவு. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். சமவெளித் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இதைவிடச் சிக்கனமான வண்டி கிடையாது. போடிமெட்டுக்கு மூட்டையோடு ஏற இது வண்டியன்று.

புல்லட் கதை வேறு. 1955 முதல் சென்னையில் தயாரான இந்த வண்டி, நிலம் கூடுதலாக உள்ளவர் வீட்டு வாசலில் கௌரவமாக நின்றது. 1990-களில் டீசல் புல்லட்டும் கிடைத்தது. வேகம் குறைவு, உதறல் அதிகம். ஆனால் எண்ணெய்ச் செலவு மிகக் குறைவு என்று விவசாயிகள் அதைத் தேடி வாங்கினார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 2000-ஆம் ஆண்டையொட்டி அது நின்று போயிற்று. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 எண்ணெய்ச் சிக்கனத்தில் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. அந்தக் கூட்டு பிரிந்து, 2011-ல் நிறுவனத்தின் பெயரே மாறிவிட்டது. இன்றும் கடைக்குப் போய் "ஹீரோ ஹோண்டா குடுங்க" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பெயர்ப் பற்றுக்கு மிகவும் விலை கொடுத்தவர்கள் யெஸ்டி வைத்திருந்தவர்கள். மைசூரில் தயாரான அந்த வண்டி உழைப்புக்குப் பெயர் பெற்றது. 1996-ல் ஆலை மூடப்பட்டது. வண்டியில் குறையில்லை, ஆனால் ஒரு கார்புரேட்டர் சாமானுக்கும் செயின் ஸ்பிராக்கெட்டுக்கும் ஊர் ஊராகப் பழைய இரும்புக் கடைகளில் தேட வேண்டியதாயிற்று. 2022-ல் யெஸ்டி என்ற பெயர் மீண்டும் சந்தைக்கு வந்தது. ஆனால் இது வேறு நிறுவனம், வேறு என்ஜின். டாங்கியில் உள்ள எழுத்து மட்டுமே பழையது.

பட்டறைக்காரரே பாதி வண்டி

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், விவசாயி ஒரு பெயரை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் வீண் பெருமை என்று ஒதுக்க முடியாது. ஊரில் நூறு வண்டி ஒரே வகையாக இருந்தால் அதற்கான உதிரிபாகம் பக்கத்துக் கடையில் இருக்கும். பட்டறைக்காரர் சத்தத்தைக் கேட்டே கோளாற்றைச் சொல்லிவிடுவார். அறுவடை நாளில் வண்டி நின்றால் மாலைக்குள் கிளம்பிவிடும். தக்காளியும் அவரையும் நாளைவரை காத்திருக்காது. விற்கும்போதும் ஊருக்குத் தெரிந்த வண்டிக்குத்தான் ஆள் வரும், விலையும் வரும். ஆக, விவசாயி பற்று வைத்திருப்பது பெரும்பாலும் தன் பட்டறைக்காரர் மேல். நிறுவனத்தின் பெயர் அதற்கு இட்ட அடையாளமே.

(இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டி வாங்கும்போது பத்துப் பேரைக் கேட்கிற அதே விவசாயி, விதையும் மருந்தும் வாங்கும்போது கடைக்காரர் ஒருவரைத்தான் கேட்கிறார். வண்டியில் இருபது ஆண்டு ஒரே பெயர். விதையில் பருவத்துக்கு ஒரு பெயர். ரசீதைக் கூடக் கேட்டு வாங்குவதில்லை.)

இந்தப் பட்டறை நியாயத்தைத் தான் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதி அசைத்து விட்டது. அன்று முதல் புதிதாக வரும் இரு சக்கர வண்டிகளில் பழைய கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்து, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு வந்துவிட்டது. கோளாற்றைக் காதால் கேட்டுக் கண்டுபிடித்த பட்டறைக்காரருக்கு இப்போது கருவி வேண்டும். பழைய பெயரில் புதிய வண்டி வாங்குகிறவர், தன் வழக்கமான பட்டறையில் அந்தக் கருவி இருக்கிறதா, இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

டீசல் பிக்கப்பில் இன்னொரு புதுமை, புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. இதில் சேரும் கரி, வண்டி நல்ல வேகத்தில் சிறிது நேரம் தொடர்ந்து ஓடினால்தான் எரிந்து தீரும். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர், தோட்டத்திலிருந்து கமிஷன் கடைக்கு மூன்று கிலோமீட்டர் என்று ஊர்ந்தே ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக் கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தவுடன் கையேட்டில் சொன்னபடி செய்ய வேண்டும். "லைட்டுதானே, எரியட்டும்" என்று விட்டால் செலவு பெரிதாகும். நாள்தோறும் குறுகிய தூரம் மட்டுமே ஓட்டுகிறவர், அதே எடை தாங்கும் பெட்ரோல் வண்டி கிடைக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஒரு கணக்கு

எந்த வண்டி என்ற கேள்விக்கு முன்பாக வண்டியே வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்காக. அவரவர் ஊர் நிலவரத்தை இட்டுப் பார்த்துக் கொள்ளவும்.

பதிவு, இன்சூரன்ஸ் உட்பட பிக்கப் ஒன்றின் அடக்கம் 10 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். கையிலிருந்து 2 லட்சம், கடன் 8 லட்சம், வட்டி 10 சதவீதம், 60 தவணை. மாதத் தவணை ஏறத்தாழ 17,000 ரூபாய் வரும். வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், பழுது ஆகியவற்றுக்கு மாதம் 6,000 ஒதுக்கினால் மொத்தம் 23,000. சின்னமனூருக்கோ தேனிக்கோ ஒரு நடைக்கு வாடகை 2,000 என்றும், சொந்த வண்டியில் அதே நடைக்கு டீசலும் டிரைவர் கூலியும் 900 என்றும் வைத்தால், ஒரு நடையில் மிச்சம் 1,100. மாதம் 21 நடை ஓடினால்தான் வாடகை வண்டிக்குச் சமமாகும். ஐந்து ஆண்டு கழித்து 4 லட்சத்துக்கு விற்று, கையிலிருந்து போட்ட 2 லட்சத்தைக் கழித்து மீதியைக் கணக்கில் சேர்த்தாலும் மாதம் 18 நடை வேண்டும்.

மூன்று ஏக்கரில் காய்கறி போடுகிறவருக்கு அறுவடைக் காலத்தில் வாரம் மூன்று நடை இருக்கலாம். மற்ற மாதங்களில் மீதி நடைக்கு ஊரார் சரக்கைத் தேடி ஓட வேண்டும். அது வாடகை வண்டித் தொழில். அதையும் நன்றாகச் செய்யலாம், ஆனால் விவசாயத்தைப் பார்த்துக் கொள்ள வீட்டில் இன்னொருவர் வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒருவர் வண்டிக்கே சரக்கு கொடுப்பது என்று பேசி வைத்துக் கொண்டால் நால்வருக்கும் கட்டுப்படியாகும்.

ஏலம் வைத்திருப்பவர் கணக்கு இன்னும் வேறு. பச்சைக்காய் 5 கிலோ உலர்த்தினால் ஏறத்தாழ 1 கிலோதான் நிற்கும். விலை அதிகம், எடை குறைவு. ஓர் ஏக்கருக்கும் குறைவான ஏலத்தின் ஆண்டு மகசூலை ஓரிரு நடையில் இறக்கிவிடலாம். அங்கே உண்மையில் ஏற்ற வேண்டியிருப்பது எருவும் உரமும் ஆட்களும்.

விலை ஏறிய ஆண்டில் வண்டி வாங்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் அதிகபட்சமாகக் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. 2021, 2022-ஆம் ஆண்டுகளில் சராசரி விலை 1,000 ரூபாயை ஒட்டிச் சரிந்தது. விலை இறங்கினாலும் தவணை இறங்குவதில்லை. உச்ச விலையை நம்பி 60 மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் விலை விழுந்த இரண்டாண்டில் நகையை எடுத்துக் கொண்டுதான் அடகுக் கடைக்குப் போக வேண்டும்.

ஆட்களை ஏற்றும்போது

இக்கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும். களையெடுக்கவும் காய் பறிக்கவும் ஆட்களைப் பிக்கப்பின் பின்புறம் ஏற்றிச் செல்வது வழக்கமாகிவிட்டது. "பக்கத்துத் தோட்டந்தானே" என்று ஏற்றுகிறோம். சரக்கு வண்டிக்குக் கட்டும் இன்சூரன்ஸ், சரக்குக்கு உரியவரோ அவருடைய ஆளோ சரக்குடன் செல்வதற்குப் பாதுகாப்புத் தரும். வேறு பயணிகளுக்குத் தராது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்ட வழக்குகளும் உண்டு. எப்படியானாலும் கடைசியில் கொடுக்க வேண்டியவர் வண்டிக்காரரே. ஒரு விபத்து, பறிகொடுத்த குடும்பத்தையும் நிர்க்கதியாக்கும். வண்டிக்காரரின் நிலத்தையும் கொண்டு போய்விடும்.

சொந்த உபயோகம் என்று பதிவான ஜீப்பில் கூலிக்கு ஆள் ஏற்றுவதிலும் இதே சிக்கல் உண்டு. தோட்ட ஜீப்பில் அளவுக்கு மேல் ஆட்கள் தொங்கிக் கொண்டு மலைச் சாலையில் போவதை நாள்தோறும் காண்கிறோம். தன் வீட்டுப் பெண்ணை வேலைக்கு அனுப்புகிறவர், ஜீப் எந்தக் கம்பெனி என்று பார்ப்பதைவிட அது வாடகைக்கு ஆள் ஏற்றப் பதிவான வண்டியா, எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்பது பயனுள்ளது.

சட்டத்தில் விவசாயிக்குச் சாதகமாகவும் சில உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, இலகு ரக மோட்டார் வாகன லைசென்சு வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். மொத்த எடை என்பது வண்டியும் லோடும் சேர்ந்தது. 2005-ல் வந்த டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகள் இதற்குள் அடங்கும். பெரிய பிக்கப்புகளில் சில இந்த எல்லையைத் தாண்டும். விற்பனைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், ஆர்.சி. புத்தகத்தில் எந்த எண் வரும் என்று பணம் கட்டுமுன் எழுதிக் கேளுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்

மலையில் லோடு ஏற்றும்போது கனத்தைப் பின் கதவோரம் குவிக்கக் கூடாது. ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சரிந்து முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். கனமான மூட்டைகள் கேபினை ஒட்டி, தாழ்வாக இருக்க வேண்டும்.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பது எந்தக் கம்பெனி வண்டிக்கும் ஆகாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்துக் கொண்டே வந்தால் சூடேறி, மிதித்தும் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் முந்தல் வரை போய்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று எண்ணாமல், வளைவு இல்லாத அகலமான இடத்தில் உடனே ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். சூடான டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். தானாக ஆற அரை மணி நேரம் பிடித்தாலும் பொறுத்திருந்து, பெடலை மிதித்துப் பார்த்த பிறகே கல்லை எடுக்க வேண்டும்.